முதல் திரையை வரையும் முன்பே கேளுங்கள்

காஞ்சிபுரம் பக்கத்து ஏனாத்தூரில் கல்லூரியின் கடைசி ஆண்டு புராஜெக்டுக்கு, ஆட்டிசம் உள்ளவர்களுக்கான செயலி செய்யப் போகிறீர்களா? டாக்டர், டீச்சர், பெற்றோரைக் கேட்டு எல்லாம் முடித்துவிட்டு, கடைசி வாரத்தில் பயன்படுத்துபவர் கையில் கொடுத்தால் எதையும் மாற்ற நேரமிருக்காது. அவரிடமிருந்தே தொடங்குங்கள்.

1. ஆட்களைச் சேருங்கள்
சிறப்புப் பள்ளி, பெற்றோர் வழியாக அணுகுங்கள். பேசுபவர், பேசாதவர், பெரியவர் எல்லோரும் இருக்கட்டும். குழந்தையென்றால் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதாது; பிள்ளையின் சம்மதமும் வேண்டும். பிள்ளை எழுந்து போனால் அன்றைய வேலை முடிந்தது.

2. இடத்தைப் பாருங்கள்
கல்லூரிக்கு வரவழைக்காமல் அவர் பழகிய இடத்துக்குப் போங்கள். அவரைத் தொந்தரவு செய்யும்படி பக்கத்தில் தறி ஓடுகிறதா, டியூப்லைட் விட்டுவிட்டு எரிகிறதா என்று கவனியுங்கள். யார் வருவார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்பதை முந்தின நாளே படங்களாக அனுப்புங்கள்.

3. கவனியுங்கள்
கேள்வி கேட்கும் முன், அவர் எப்படித் தெரிவிக்கிறார் என்று பாருங்கள். சென்னையின் அஜித் நாராயணன், பேச முடியாதவர்கள் படங்களைத் தொட்டுப் பேச உதவும் ‘ஆவாஸ்’ கருவியை உருவாக்கியவர். ஆட்டிசம் உள்ள ஒரு குழந்தை ‘சாப்பிடு’ என்ற பொருளில் ஒற்றைச் சொல் சொன்னதும், எதை, யார், எப்போது என்று தாய் கேட்டுக் கேட்டு விஷயத்தைப் பிடித்ததைப் பார்த்தார். படங்களைக் கேள்விகளால் கோத்து வாக்கியமாக்கும் ‘ஃப்ரீஸ்பீச்’ அங்கிருந்துதான் பிறந்தது. 2013-இல் டெட் (TED) மேடையில் அவரே இதைச் சொன்னார்.

4. அட்டையில் கேளுங்கள்
“எப்படி இருந்தா பிடிக்கும்?” என்ற கேள்வி பலருக்குக் கடினம். இரண்டு திரைகளை அட்டையில் வரைந்து வையுங்கள். ‘ரெண்டும் வேண்டாம்’ என்று மூன்றாவது அட்டையும் இருக்கட்டும். பதில் வரும்வரை காத்திருங்கள். கேள்வியை மாற்றி மாற்றிக் கேட்காதீர்கள்.

5. அவருடைய சொற்களைப் போடுங்கள்
வெளிநாட்டுப் படத்தொகுப்பில் பர்கர் இருக்கும். காஞ்சிபுரம் இட்லியும் கருட சேவையும் இருக்காது. அவற்றை நீங்களே படமெடுங்கள். ‘வேண்டாம்’, ‘நிறுத்து’, ‘சத்தமா இருக்கு’, ‘வீட்டுக்குப் போலாம்’ ஆகியவை முதல் திரையிலேயே வேண்டும். விரல் பழகிய பொத்தானை அடுத்த பதிப்பில் இடம் மாற்றாதீர்கள்.

6. மாற்றியதைக் காட்டுங்கள்
பழைய திரையையும் புதியதையும் அருகருகே வைத்து மறுபடி கேளுங்கள். செலவிட்ட நேரத்துக்குப் பணம் கொடுங்கள். அவர் சம்மதித்தால் வடிவமைத்தவர்கள் பட்டியலிலேயே பெயரைச் சேருங்கள்.

அறிக்கை எழுதும்போது ஒரு பக்கம் ஒதுக்குங்கள்: அவர் வேண்டாம் என்றதால் நாம் கைவிட்டவை எவை? அந்தப் பக்கம் காலியாக இருந்தால் செயலி இன்னும் முடியவில்லை.