நம்பிக்கைகளும் உண்மைகளும்: ட்ராக்டர் பேட்டரி பைக்கை எரித்துவிடுமா?

ஐப்பசி அடைமழை விட்ட மறுநாள் காலை. ஒரத்தநாடு பக்கம், கல்லணைக் கால்வாய்த் தண்ணீர் பாயும் ஒரு கிராமம். உரம் வாங்க டவுனுக்குக் கிளம்பியவர் தம்முடைய பழைய 125 சிசி வண்டியின் செல்ஃபை அழுத்துகிறார். 'டக்' என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். அதற்குள் நாலு பேர் கூடிவிட்டார்கள். நாலு வைத்தியமும் வந்துவிட்டது.

"ட்ராக்டர் பேட்டரியிலேருந்து ஒயர் கொடுத்துப் பாப்பமா மாமா?" என்கிறான் மருமகன்.

"அது யானைடா. இந்தக் குட்டியை எரிச்சுப்புடும், கிட்ட கொண்டாராத!" என்கிறார் மாமா.

எஞ்சினைச் சுற்றிவிடுவது ஒரு வேலை. ப்ளக்கில் பொறி வருவது இன்னொன்று. பெட்ரோலும் காற்றும் அளவாக உள்ளே போவது மூன்றாவது. வண்டி கிளப்புவது பற்றி நாம் நம்புகிற பலவும் இந்த மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால் வருபவை. இனி ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

நம்பிக்கை: ட்ராக்டர் பேட்டரியின் பவர் தாங்காமல் பைக் எரிந்துவிடும்.

உண்மை: பார்க்கவேண்டியது பேட்டரியின் பருமனை அல்ல, வோல்ட்டை. ஏரியும் மேல்நிலைத் தொட்டியும் ஒரே மட்டத்தில் இருந்தால் ஒரே அளவுக் குழாயில் தண்ணீர் ஒரே வேகத்தில்தான் வரும். ஏரியில் கூடுதல் நேரம் வரும், அவ்வளவே. வழக்கமான ட்ராக்டரிலும் செல்ஃப் உள்ள பைக்கிலும் 12 வோல்ட்தான். செல்ஃப் மோட்டார் தனக்கு வேண்டிய கரண்டை மட்டுமே இழுத்துக்கொள்ளும். ஆனால் பெரிய லாரிகளில் 24 வோல்ட். அதிலிருந்து கொடுக்கவே கூடாது. அதேபோல 6 வோல்ட்டில் ஓடும் பழைய புல்லட்டுக்கு ட்ராக்டரின் 12 வோல்ட் ஆகாது. மாமா பயந்தது அங்கே நியாயம்.

கொடுக்கும் முறை: ட்ராக்டர் எஞ்சின் அணைந்திருக்கட்டும். சிவப்பு ஒயரின் ஒரு முனை பைக் பேட்டரியின் பிளஸ்ஸில், மறுமுனை ட்ராக்டரின் பிளஸ்ஸில். கறுப்பு ஒயர் ட்ராக்டரின் மைனஸில். அதன் கடைசி முனை பைக் எஞ்சினின் பெயின்ட் இல்லாத இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. கடைசியாக மாட்டும் கிளிப்பில்தான் பொறி தெறிக்கும். பேட்டரியிலிருந்து வருவதோ ஹைட்ரஜன் வாயு. இரண்டையும் சந்திக்கவிடக் கூடாது. வண்டி கிளம்பியதும் மாட்டிய வரிசையைத் தலைகீழாக்கிக் கழற்றிவிட வேண்டும். நேரம் கடத்தினால் பெரிய பேட்டரி சின்னதற்குள் கரண்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும்.

நம்பிக்கை: பேட்டரி செத்தால் கிக்கர் அடித்தும் பயனில்லை.

உண்மை: அது எந்த வண்டி என்பதைப் பொறுத்தது. 1994-ல் வந்த ஸ்பிளெண்டர் போன்ற கிக்கர் மட்டுமுள்ள பழைய 100 சிசி வண்டிகளில் பொறிக்கான மின்சாரம் மேக்னெட் காயிலிலிருந்து நேராகப் போகிறது. பேட்டரியைக் கழற்றி வீட்டில் வைத்துவிட்டு வந்தாலும் கிக்கரில் கிளம்பும். பாயின்ட் செட் வைத்த பழைய புல்லட் அப்படி இல்லை. அதில் பொறிக்கு பேட்டரி வேண்டும். அது முழுக்க வற்றினால் எத்தனை உதை உதைத்தாலும் கால்தான் வலிக்கும்.

புல்லட்காரர்கள் உதைப்பதற்கு முன் ஹெட்லைட் மேலிருக்கும் ஆம்மீட்டரைப் பார்ப்பதும் இதனால்தான். சாவியைப் போட்டுக் கிக்கரை மெல்ல அழுத்தினால், பாயின்ட் ஒட்டியிருக்கும்போது முள் மைனஸ் பக்கம் சாயும். பாயின்ட் திறந்ததும் நடுவுக்கு வரும். அங்கே நிறுத்தி, டீகம்ப்ரஸரை அழுத்திக்கொண்டு கிக்கரை இன்னும் கொஞ்சம் இறக்கி, டீகம்ப்ரஸரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு ஒரே உதை. முள் அசையவே இல்லையென்றால் பொறிக்குக் கரண்ட் போகவில்லை. உதைப்பதை நிறுத்திவிட்டு ஒயரைத் தேடலாம்.

நம்பிக்கை: ஹெட்லைட் மங்கினால் பேட்டரி வீக்.

உண்மை: மேலே சொன்ன பழைய 100 சிசி வண்டிகளில் ஹெட்லைட்டும் மேக்னெட்டிலிருந்தே எரிகிறது. ஐடிலில் மங்குவதும், முறுக்கினால் பளிச்சென்று ஆவதும் அதன் குணம். பேட்டரியின் நாடி பார்க்க ஹாரனை அடியுங்கள், இண்டிகேட்டரைப் போடுங்கள்.

நம்பிக்கை: கிளம்பும்வரை செல்ஃபை விடாமல் அழுத்தவேண்டும்.

உண்மை: செல்ஃப் மோட்டார் சின்னதாக இருக்க முடிவதே அது சில நொடி மட்டும் உழைப்பதால்தான். அமெரிக்காவில் சார்லஸ் கெட்டரிங் 1911-ல் காருக்கு செல்ஃப் ஸ்டார்ட்டர் செய்தபோது பிடித்த சூட்சுமம் அது: கொஞ்ச நேரத்துக்கு மட்டும் என்றால், சின்ன மோட்டாரையும் அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம். 1912 கெடிலாக் காரில் அது வந்தது. உங்கள் பைக்கிலும் விதி அதுதான். ஐந்து நொடி அழுத்தி, அரை நிமிடம் விடுங்கள். நான்கு முறைக்கு மேல் போனால் கோளாறு செல்ஃபில் இல்லை. பொறியையும் பெட்ரோலையும் பாருங்கள்.

நம்பிக்கை: பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற கேன் தண்ணீரே போதும்.

உண்மை: ஆர்.ஓ. தண்ணீரிலும் கொஞ்சம் உப்பு மிஞ்சியிருக்கும். அது பேட்டரித் தகடுகளுக்கு விஷம். டிஸ்டில்டு வாட்டர் மட்டும், மேல்கோடு வரை மட்டும். ஆசிட் ஊற்றினால் 'பவர் கூடும்' என்பதும் தப்பு. ஆவியாகிப் போவது தண்ணீர்தான், ஆசிட் அல்ல. மூடி திறக்காத வகை பேட்டரியில் எதையும் ஊற்ற வேண்டாம்.

நம்பிக்கை: தள்ளி ஸ்டார்ட் பண்ண ஃபர்ஸ்ட் கியர்தான் சரி.

உண்மை: மழை ஊறிய களத்துமேட்டில் ஃபர்ஸ்டில் கிளட்சை விட்டால் பின்சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும். இரண்டாவது கியரில் சக்கரம் எளிதாகச் சுற்றும். சோக் போட்டிருந்தால் முறுக்காதீர்கள். முறுக்கினால் சோக்கின் உறிஞ்சல் குறைந்துவிடும்.

நம்பிக்கை: செல்ஃப் 'டக்' என்றால் மோட்டார் போய்விட்டது.

உண்மை: சத்தத்தைக் கேட்டுச் சொல்லிவிடலாம். ஒன்றுமே கேட்கவில்லையா? ஃபியூஸ், கிளட்ச் சுவிட்ச். 'டகடகடக' என்று விட்டுவிட்டு வந்தால் பேட்டரி வற்றியிருக்கிறது. மோட்டார் சுற்றும் சத்தம் வந்தும் எஞ்சின் அசையவில்லையென்றால் ஸ்டார்ட்டர் கிளட்ச் வழுக்குகிறது. ஒரே ஒரு 'டக்' என்றால் ரிலே வேலை செய்கிறது, மோட்டாருக்குக் கரண்ட் போதவில்லை; முதலில் டெர்மினலைப் பாருங்கள். மெக்கானிக்கிடம் மீட்டர் இருந்தால், வண்டியை நிறுத்தி வைத்த நிலையில் முழு சார்ஜில் 12.6 வோல்ட் காட்டும், 11.8-க்குக் கீழே போனால் பேட்டரி காலி. எஞ்சின் ஓடும்போது 13.5-க்கு மேல் ஏறவில்லையென்றால் புது பேட்டரி போட்டாலும் அடுத்த வாரம் இதே கதைதான். சார்ஜிங் பக்கம் கோளாறு.

நம்மவர் வண்டிக்கு வருவோம். சீட்டைத் தூக்கிப் பார்த்தால் மைனஸ் டெர்மினலில் கட்டெறும்புப் புற்றுபோல வெள்ளைத்தூள். கையால் திருகினால் டெர்மினல் சுழல்கிறது. கழற்றி, கொதிநீரால் கழுவித் துடைத்து, உரசி, இறுக்கி, மேலே கொஞ்சம் வாசலின். செல்ஃபைத் தொட்டதும் எஞ்சின் எழுந்துவிட்டது.

"நான்தான் சொன்னேன்ல, ட்ராக்டர் வேணாம்னு" என்றார் மாமா.

மருமகன் சிரித்துக்கொண்டே ஸ்பேனரைத் துடைத்தான்.