கள்ளிகளைப் பூவால் அறிதல்

மதுரையைச் சுற்றியுள்ள சமவெளியில் வேலியோரத்திலும் குன்றடியிலும் தரிசு நிலத்திலும் பலவகைக் கள்ளிகள் வளர்கின்றன. சதைப்பற்றும் முள்ளும் உடைய செடி பெரும்பாலும் நம்மிடையே கள்ளி என்றே பெயர் பெறுகிறது. பெயர் ஒன்றாயினும் இனம் ஒன்றன்று. இவ்வேறுபாட்டை அறியாமல் தென்னாட்டு விவசாயிகள் நெடுங்காலம் இன்னலுற்றனர். ஆதலின் அங்கத்தினர்கள் இதனை அறிந்துகொள்வது அவசியம்.

முதலில் இரு குடும்பங்களைப் பிரித்தறிவோம். சதுரக்கள்ளியையும் திருகுகள்ளியையும் கீறினால் வெண்பால் வடியும். அப்பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே கேடு விளையும். இவற்றின் பூ மிகச் சிறியது. கிண்ணம் போன்ற ஓர் உறுப்பினுள் ஆண் பூக்களும் பெண் பூவும் அடங்கியிருக்கும். காய் மூன்று அறைகளை உடையது. இவை நாம் பயிரிடும் ஆமணக்கின் குடும்பத்தைச் சேர்ந்தவை.

சப்பாத்திக்கள்ளியில் பால் இல்லை. அதன் பூ பெரியது, இதழ்கள் பல, நடுவில் மகரந்தத் தாள்கள் அடர்ந்திருக்கும். பிஞ்சின் தலைமேல் பூ அமர்ந்திருப்பது இதன் தெளிவான அடையாளம். இது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த இனம்.

இனி, சப்பாத்திக்கள்ளியிலேயே ஒன்றுபோல் தோன்றும் இரண்டைக் காண்போம். நூலார் ஒன்றை மோனகாந்தா என்றும் மற்றதை டில்லேனி என்றும் வழங்குவர். மோனகாந்தாவின் மஞ்சள் பூவில் புற இதழ்களின் நடுவே செந்நிறக் கோடு ஓடும். டில்லேனியின் பூவில் அச்செங்கோடு இராது. முழுதும் எலுமிச்சை மஞ்சளாகத் தோன்றும். எனினும் வாடும் பூ செம்மஞ்சளாக மாறக்கூடும். ஆகவே அன்று மலர்ந்த பூவையே பார்த்தல் வேண்டும். பூ இல்லாத காலத்தில், மோனகாந்தாவின் மெல்லிய பளபளப்பான மடலும், டில்லேனியின் தட்டையான மஞ்சள் முட்களும் துணை செய்யும்.

இவ்வேறுபாட்டினால் பயன் என்ன என்று கேட்கலாம். நெசவாளர்க்கும் விவசாயிக்கும் பொதுவான ஒரு வரலாறு இதற்கு விடை கூறும். கொச்சினீல் என்னும் செஞ்சாயம் சப்பாத்திக்கள்ளியில் வாழும் சிறு பூச்சியை உலர்த்திப் பெறுவது. ஒரு பவுண்டு சரக்குக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். படிகாரம் ஊட்டிய பட்டிலும் கம்பளியிலும் இச்சாயம் நன்கு பற்றும். இச்சாயத்தை இங்கேயே உண்டாக்கக் கருதி, கிழக்கிந்தியக் கம்பெனியின் வைத்தியர் ஜேம்ஸ் ஆண்டர்சன் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைச் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டம் அமைத்தார். 1795-ல் பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குப் பூச்சி கொணரப்பட்டது. ஆனால் வந்தது உயர்ந்த சாயப் பூச்சியன்று. சாயம் குறைந்த காட்டு வகை. சாயத் தொழில் நிலைபெறவில்லை.

அப்பூச்சி மோனகாந்தாவின் சாற்றை உறிஞ்சி அதனை அழித்தது. டில்லேனியையோ அது தீண்டவில்லை. மனிதர் ஒன்றெனக் கருதியதைப் பூச்சி இரண்டெனக் கண்டது. டில்லேனி வயல்களையும் மேய்ச்சல் நிலங்களையும் அடைத்து வளர்ந்தது. 1926-ல் இலங்கையிலிருந்து அதற்கேற்ற வேறொரு கொச்சினீல் வகையைக் கொணர்ந்து விட்டனர். அதன் பின்னரே, சில ஆண்டுகளில், தென்னிந்தியாவில் அக்கள்ளி அடங்கிற்று.

இன்றும் கள்ளி மடலில் வெண்பஞ்சு போன்ற படிவைக் கண்டால் குச்சியால் நசுக்கிப் பாருங்கள். செஞ்சாறு கசிந்தால் அது கொச்சினீல். அப்பூச்சி இவ்வகையை அழிக்கும் என்று ஊகிக்குமுன், செடியின் பூவை நோக்குக. வேலிக்கென அயலூர்க் கள்ளி மடலைக் கொணர்வோரும் அதன் இனத்தை முதலில் அறிதல் வேண்டும். மண்ணில் விழுந்த ஒரு மடலே வேர்விட்டுப் புதராகும், பழத்தை உண்ணும் பறவைகள் விதையைத் தொலைவிற்கும் பரப்பும்.

நூலின் நம்பரைப் பாராமல் நெசவாளர் பாவு ஓட்டுவதில்லை. விதையின் இனம் அறியாமல் விவசாயி விதைப்பதில்லை. கள்ளியிடத்தும் அதே கவனத்தைக் கொள்வோமாக.