கூம்பிய கருவிழிக்குச் சஸ்திர சிகிச்சை

கேள்வி: என் மகனுக்கு வயது 24. கெரட்டோகோனஸ் நோயால் இரு கருவிழிகளும் கூம்பிவிட்டன. இடக்கண்ணில் லென்ஸ் போட்டுச் சமாளிக்கிறான். வலக்கண்ணில் லென்ஸ் நிற்பதே இல்லை, தழும்பும் விழுந்துவிட்டது. கருவிழியை மாற்ற வேண்டும் என்கிறார் டாக்டர். இறந்தவர் கண் இவனுக்குச் சேருமா? பிறகு கண்ணாடி இல்லாமல் பார்ப்பானா?
— ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மையீர், மாற்றப்படுவது கண் அன்று, அதன் முகப்பிலே, நடுவில் ஏறக்குறைய அரை மில்லிமீட்டர் கனமே உடைய கருவிழிப் படலம் மாத்திரமே. 1905 டிசம்பரில், மொராவியாவின் ஓலோமோட்ஸ் நகரில், சுண்ணாம்பு பட்டுப் பார்வையிழந்த ஒரு தொழிலாளிக்கு எட்வர்ட் ஸிர்ம் என்னும் வைத்தியர் முதன்முதலாக வெற்றியுடன் செய்த இச்சிகிச்சை, இன்று உலகெங்கும் சாதாரணமாகிவிட்டது. கருவிழியில் இரத்தக் குழாய்கள் இல்லாமையால், பிறர் படலத்தைத் தேகம் அந்நியமெனத் தள்ளும் அபாயம் மற்ற உறுப்புகளை நோக்கக் குறைவு. அன்றியும், உங்கள் மகனுடைய கருவிழியின் உட்புறச் செல் வரிசை ஆரோக்கியமாக இருக்குமாயின், அதனை அவனிடமே விட்டு முன்புறக் கனத்தை மட்டும் மாற்றும் ‘டால்க்’ முறை உண்டு. அது இவனுக்கு ஏற்றதா, முழுக்கனமும் மாற்ற வேண்டுமா என்று டாக்டரைக் கேளுங்கள். இடக்கண்ணில் நோய் இன்னும் வளர்கிறதென்றால், ரிபோஃப்ளேவின் சொட்டும் புற ஊதாக் கதிரும் கொண்டு இழைகளை இறுக்கும் சிகிச்சையால் அதைப் பெரும்பாலும் தடுத்து நிறுத்தலாம்.

பார்வையைப்பற்றி அவசரம் கூடாது. தலைமயிரினும் மெல்லிய நைலான் நூலால் இடும் தையல்களைப் படிப்படியாகப் பிரித்து முடிக்கவே ஓராண்டோ அதற்கு மேலுமோ ஆகக்கூடும். அதுவரை பார்வை மாறிக்கொண்டே இருக்கும். அதன் பின்னும் கண்ணாடியோ லென்ஸோ பெரும்பாலோருக்குத் தேவைப்படும். ஆனால் இன்று லென்ஸ் நிற்காத கண்ணில் அப்போது நிற்கும் என்பதே பெரிய லாபம்.

சிகிச்சைக்குப் பின் ஸ்டீராய்டு சொட்டு மருந்தைத் தாமாக நிறுத்தலாகாது. அது சிலருக்குக் கண் அழுத்தத்தை உயர்த்துமாதலால், குறித்த நாளில் பரிசோதனைக்குப் போவதும் அவசியம். கண்ணைக் கசக்கும் பழக்கம் இருப்பின் இன்றே விடச் சொல்லுங்கள். சிவப்பு, வெளிச்சம் கண்டு கூசுதல், பார்வை மங்கல், வலி ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும், தையல் தளர்ந்து மண் விழுந்தாற்போல் உறுத்தினாலும், சிகிச்சை முடிந்து எத்தனை வருஷம் ஆகியிருந்தாலும், அன்றே டாக்டரிடம் காட்டிவிட வேண்டும். தேகம் படலத்தைத் தள்ளத் தொடங்குவதைக்கூட, உடனே மருந்திட்டால் பல சமயம் அடக்கிவிடலாம்.