டியூப் எடுத்தாச்சு, பிளைட் ஏறலாமா?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ, விடுமுறைக்கு வந்த துபாய்க்காரப் பையனுக்கு நுரையீரல் சுருங்கி, நெஞ்சில் டியூப் போட்டு எடுத்தார்கள் என்றால் வீட்டில் இரண்டு கட்சி கிளம்பிவிடும். “இனி ஆயுசுக்கும் பிளைட் வேண்டாம்” என்பது ஒன்று. “மூச்சு வாங்கல, வலி இல்ல, நாளைக்கே மதுரைல ஏறிரலாம்” என்பது இன்னொன்று. இரண்டுமே தப்பு. இரண்டாவது, ஆளையே காவு வாங்கக்கூடிய தப்பு.

நுரையீரலில் கசிந்த காற்று, அதற்கும் நெஞ்சுச் சுவருக்கும் நடுவே சிக்கிக்கொள்வதுதான் நியூமோதோராக்ஸ். விமானம் 35,000 அடியில் பறந்தாலும் உள்ளே இருக்கும் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலையில் இருப்பதுதான். அங்கே, சிக்கிய ஒரு லிட்டர் காற்று சுமார் 1.3 லிட்டராக உப்பும். நுரையீரலை மேலும் நசுக்கும். முற்றினால் இதயத்தையே ஒரு பக்கம் தள்ளும். சிக்கிய காற்று முழுக்கப் போய்விட்டால் உப்ப ஒன்றுமில்லை. கொஞ்சம் மிச்சமிருந்தும் மூச்சு வாங்காமல் நடமாடுகிறவர்கள் உண்டு. அதனால்தான் உடம்பின் சாட்சியை நம்பாமல் எக்ஸ்ரே எடுக்கிறார்கள்.

நுரையீரல் முழுதாக விரிந்துவிட்டது என்று எக்ஸ்ரே காட்டிய பிறகு 7 நாள் பொறுத்து ஏறலாம் என்பது பிரிட்டிஷ் தொராசிக் சொசைட்டியின் 2022 அறிக்கை. கணக்கு அந்த எக்ஸ்ரே நாளிலிருந்து. டிஸ்சார்ஜ் ஆன நாளிலிருந்து அல்ல. காசநோயாலோ பீடி சிகரெட்டாலோ நுரையீரல் ஏற்கெனவே கெட்டவர்களுக்கு மருத்துவர் இன்னும் தள்ளிப்போடலாம். முதல் ஒரு வருஷத்தில் திரும்ப வரும் வாய்ப்பு அதிகம். அதை விமானம் வரவழைப்பதில்லை. ஆனால் நடுவானில் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எங்கே போவது?

மூன்றாவது கட்சியும் உண்டு: “பிளைட்தானே ஆகாது, கொடைக்கானல்ல போய் ரெஸ்ட் எடுக்கட்டும்.” கொடைக்கானல் சுமார் 7,000 அடி! ஆறாத நெஞ்சுக்கு அதுவும் விமானமும் ஒன்றுதான். பொதிகை எக்ஸ்பிரஸில் சென்னை போவதில் இந்த வம்பு இல்லை.

பைக்கில் விழுந்து விலாவில் அடிபட்டவர்களுக்கும் இந்த எச்சரிக்கை பொருந்தும். 1995இல் ஹாங்காங் விமான நிலையத்துக்குப் போகும் வழியில் பைக்கிலிருந்து விழுந்த ஒரு பெண், பெரிதாக ஒன்றுமில்லை என்று லண்டன் விமானம் ஏறிவிட்டார். வானத்தில் மூச்சு முட்டியது. பயணிகளாக வந்த ஆங்கஸ் வாலஸ், டாம் வாங் என்ற இரு மருத்துவர்கள் கோட் மாட்டும் கம்பி, சிறுநீர்க் குழாய், தண்ணீர் பாட்டில், கிருமி நீக்கப் பிராந்தி ஆகியவற்றை வைத்தே காற்றை வெளியேற்றிக் காப்பாற்றினார்கள்.

ஸ்கூபா டைவிங் மட்டும் வேறு கதை. தானாக நுரையீரல் சுருங்கியவர்களுக்கு, எத்தனை வருஷமானாலும் பொதுவாக அதற்கு அனுமதி இல்லை.