உசைன் போல்ட்டோட வேகம் எவ்வளவு?

பாப்பா, பிளஸ் ஒன் பிசிக்ஸ்ல இயக்கம் பத்தின பாடம் ஆரம்பிச்சதுமே சராசரி வேகம், உடனடி வேகம்னு ரெண்டு வரும். வரையறையை மனப்பாடம் பண்ணிட்டு அடுத்த பக்கத்துக்கு ஓடிடாதே. இந்த இடம் தெளிவா இருந்தாத்தான் முடுக்கம், வரைபடம், வகைக்கெழு எல்லாம் பின்னாடி சிரமமில்லாம வரும். பேனாவும் கால்குலேட்டரும் எடுத்துக்கிட்டு உட்காரு.

உசைன் போல்ட்டை எடுத்துக்குவோம். 2009 ஆகஸ்ட் 16, பெர்லின்ல நடந்த உலகத் தடகளப் போட்டியில 100 மீட்டரை 9.58 விநாடியில ஓடினார். 100-ஐ 9.58-ஆல வகுத்தா விநாடிக்கு 10.44 மீட்டர். அதை 3.6-ஆல பெருக்கினா மணிக்குக் கிட்டத்தட்ட 37.6 கிலோமீட்டர். ஆனா போல்ட் மணிக்கு 44 கிலோமீட்டருக்கு மேல ஓடினார்னும் நீ படிச்சிருப்பே. ரெண்டுமே சரிதான்.

அன்னிக்கு ஒவ்வொரு 20 மீட்டருக்கும் அவருக்கு எவ்வளவு நேரம் ஆச்சுன்னு அளந்து வெச்சிருக்காங்க. முதல் 20 மீட்டருக்கு 2.89 விநாடி. அப்புறம் 1.75, 1.67, 1.61, கடைசி 20 மீட்டருக்கு 1.66. கூட்டிப் பாரு, 9.58 வரும். இப்ப ஒவ்வொரு துண்டுக்கும் வேகம் போடு: 6.92, 11.43, 11.98, 12.42, 12.05. நின்ன நிலையிலிருந்து கிளம்பணும், துப்பாக்கிச் சத்தம் கேட்டு உடம்பு அசையற நேரமும் அதுல சேரும், அதனால முதல் துண்டு மெதுவா இருக்கு. 60-லிருந்து 80 மீட்டருக்குள்ள உச்சம். அந்த 12.42-தான் மணிக்கு 44.7 கிலோமீட்டர். கடைசித் துண்டுல அவருக்கே வேகம் கொஞ்சம் குறையுது.

இன்னொண்ணு கவனி. 12.42-ம் சராசரிதான், 1.61 விநாடிக்கான சராசரி. அதனால சராசரி வேகம்னு எங்கே பார்த்தாலும் ‘எப்பலேருந்து எப்ப வரைக்கும்?’னு கேளு. அது தெரியாம அந்த எண்ணை வெச்சுக்கிட்டு ஒண்ணும் பண்ண முடியாது. உடனடி வேகம்னா கேட்க வேண்டியது ‘எந்தக் கணத்துல?’

இப்ப அந்த அஞ்சு வேகத்தையும் கூட்டி அஞ்சால வகுத்துப் பாரு. 10.96 வருது. உண்மையான சராசரி 10.44. ஏன் ஒத்துப் போகலை? முதல் துண்டுல அவர் மெதுவா ஓடினதால அதுலதான் அதிக நேரம் இருந்தார். அந்த மெதுவான வேகத்துக்குக் கணக்குல அதிக எடை கொடுக்கணும், ஆனா நாம அஞ்சுக்கும் சம எடை கொடுத்துட்டோம். அதனால வேகங்களை நேரடியா சராசரி எடுக்காதே. மொத்த தூரத்தை மொத்த நேரத்தால வகு, எப்பவும் அது ஏமாத்தாது.

பரீட்சையில இது வேற வேஷத்துல வரும். 120 கிலோமீட்டர் போகும்போது மணிக்கு 60, திரும்பும்போது மணிக்கு 40, சராசரி வேகம் என்ன? 50-னு குறிக்கத் தோணும். போக 2 மணி நேரம், வர 3 மணி நேரம், 240-ஐ 5-ஆல வகுத்தா 48. அதே கேள்வியில பாதி தூரத்துக்குப் பதிலா பாதி நேரம் 60, பாதி நேரம் 40-னு இருந்தா 50 சரியான விடை. கேள்வித்தாள்ல ‘தூரம்’, ‘நேரம்’ ரெண்டு வார்த்தைக்கும் கீழே கோடு போட்டுட்டுக் கணக்கைத் தொடங்கு.

தொடக்க வேகத்தையும் இறுதி வேகத்தையும் கூட்டி ரெண்டால வகுக்கிற சூத்திரம் இருக்கே, அது முடுக்கம் மாறாம இருந்தா மட்டும்தான் செல்லும். போல்ட்டுக்கு அதைப் போட்டா தொடக்கம் 0, முடிவு சுமார் 12, சராசரி 6. அந்த வேகத்துல 100 மீட்டருக்கு 16 விநாடிக்கு மேல ஆகும். சூத்திரத்தைத் தப்பான இடத்துல போட்டா சாதனையே காணாமப் போயிடும் பாரு.

சரி, உடனடி வேகம். ஒரு கணத்துக்கு நீளமே இல்லையே, தூரமும் 0, நேரமும் 0, எதை எதால வகுக்கிறதுன்னு உனக்குக் கேள்வி வரணும். வந்தா ரொம்ப நல்லது. மேலேயிருந்து கல்லை விடறோம், புவியீர்ப்பு முடுக்கம் 10-னு வெச்சுக்கோ. விழுந்த தூரம் = 5 × நேரம் × நேரம். ரெண்டாவது விநாடி முடியற கணத்துல வேகம் எவ்வளவு? 2-லிருந்து 3 விநாடிக்குள்ள 20 மீட்டர் 45 ஆகுது, சராசரி 25. இடைவெளியைக் குறை: 2-லிருந்து 2.1 வரைக்கும் 20.5. 2.01 வரைக்கும் 20.05. 2.001 வரைக்கும் 20.005. எங்கே போய்ச் சேருதுன்னு தெரியுதா? 20. இடைவெளியை 0 ஆக்கவே இல்லை, 0-வை நோக்கிச் சுருக்கிக்கிட்டே போனோம், சராசரி ஒரு எண்ணை நெருங்குச்சு. அந்த எண்தான் உடனடி வேகம். வகைக்கெழு செய்யறதும் இதையேதான், ஒரே வரியில. மூணு தடவையாவது வேற வேற நேரத்துக்குக் கையால போட்டுப் பார்த்துட்டு அப்புறம் வகைக்கெழுவுக்குப் போ, சூத்திரம் மறந்தாலும் விடையை நீயே கண்டுபிடிச்சுடுவே.

வரைபடத்துல, தூரம்–நேரம் வளைகோட்டு மேல ரெண்டு புள்ளியை இணைக்கிற கோட்டோட சாய்வு சராசரி வேகம். ஒரு புள்ளியில வரையற தொடுகோட்டோட சாய்வு உடனடி வேகம். ஸ்கேலை வெச்சு வரைஞ்சே பழகு.

கடைசியா திசைவேகம். இதுல தூரத்துக்குப் பதிலா, கிளம்பின இடத்துக்கும் முடிச்ச இடத்துக்கும் நடுவுல உள்ள இடப்பெயர்ச்சியை நேரத்தால வகுக்கணும். 400 மீட்டர் ஓட்டத்துல முதல் லேன்ல ஓடறவங்க ஒரு சுத்து சுத்தி, கிளம்பின இடத்துக்கே வந்து முடிக்கிறாங்க. 50 விநாடி ஆச்சுன்னா சராசரி வேகம் விநாடிக்கு 8 மீட்டர். இடப்பெயர்ச்சி 0, அதனால சராசரி திசைவேகம் 0. ஆனா ஓடின எந்தக் கணத்தை எடுத்தாலும் உடனடி திசைவேகத்தோட அளவும் உடனடி வேகமும் ஒண்ணுதான். சராசரியில பிரியுது, கணத்துல பிரியறதில்லை. ஒரு மார்க் கேள்வியில இதைக் கேட்டா, விடையோட ‘இடப்பெயர்ச்சி 0’ங்கிற காரணத்தையும் ஒரு வரி சேர்த்து எழுது.