சர்க்கரையை அளக்கும் கரண்ட்

ஒரு நாள் ராத்திரி பத்து மணிக்கு விரலில் குத்திப் பார்த்தபோது எங்க அம்மாவுக்குச் சர்க்கரை 130. நிம்மதியாகப் படுத்தோம். ரெண்டு மணிக்கு வேர்த்துக் கொட்டி, கை நடுங்க எழுந்தாங்க. பார்த்தால் 58! எழுபதுக்குக் கீழே போனாலே தாழ்சர்க்கரை. இன்சுலின் போடுபவர்களுக்கு ஆபத்து.

இடையில் நடந்த இந்த இறக்கத்தைக் காட்டுவதுதான் தொடர் குளுக்கோஸ் சென்சார். புஜத்தில் ஒட்டினால், மயிரிழை போன்ற மின்முனை தோலுக்கடியில் நிற்கும். அதில் பூசிய குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்னும் நொதி குளுக்கோஸோடு வினைபுரிய, கரண்ட் பிறக்கும். 1962-ல் லேலண்ட் கிளார்க் காட்டிய வழி இது. சர்க்கரை கூடினால் கரண்டும் கூடும். அளவு நானோ ஆம்பியர். ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்கு! 5 நிமிடத்துக்கு ஒரு தரம் என்றால் நாளுக்கு 288 அளவுகள். இறங்கினால் அலாரம் அடிக்கும்.

ஆனால் அது அளப்பது ரத்தத்தை அல்ல, செல்களுக்கு இடையேயுள்ள நீரை. அதனால் சில நிமிடம் பின்தங்கும். உடம்பு ஒன்று சொல்லி, கருவி வேறு சொன்னால், விரலில் குத்திப் பார்க்கத்தான் வேண்டும்.

2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' சர்க்கரை மாத்திரையை வீட்டுக்கே கொண்டு வந்தது. சென்சாரோ இரண்டு வாரத்தில் தீர்ந்துவிடும், விலை ஆயிரக்கணக்கில். திருக்கோவிலூரில் எங்க வீட்டுக்கு எட்டாது. இப்போதைக்கு நான்தான் ரெண்டு மணிக்கு அலாரம் வைத்து எழுகிறேன். நானோ ஆம்பியரை அளக்கும் சர்க்யூட்டை மலிவாகச் செய்வது நம் படிப்புக்குள் வரும் வேலைதானே, நண்பர்களே?