சிற்றலையில் ஒரு கீதம்

"பாட்டு நல்லா இருந்தா போதாதா, ஒலித்தரம் எதுக்கு?" என்று கேட்பவர்கள் உண்டு. எந்தப் பாட்டை ஒலிபரப்பலாம் என்பதையே ஒலித்தரம்தான் தீர்மானிக்கிறது.

ஃபீபா என்ற கிறிஸ்தவ வானொலி 1970 முதல் 2003 வரை சீஷெல்ஸ் தீவிலிருந்து சிற்றலையில் ஒலிபரப்பியது. அதன் தமிழ் நிகழ்ச்சிகள் சுமார் 3000 கி.மீ. கடல் தாண்டி நம்ம ஊருக்கு வந்தன.

சிற்றலை நிலையங்களுக்கு இடையே 5 கிலோ ஹெர்ட்ஸ்தான் இடைவெளி. அதனால் ஒலியில் ஏறக்குறைய 4.5 கிலோ ஹெர்ட்ஸுக்கு மேலுள்ளதை வெட்டிவிடுவார்கள். பண்பலையிலோ 15 வரை போகலாம். வெட்டினால் என்ன போச்சு? 'இயேசு' என்பதில் வரும் 'சு' கூட மங்கிவிடும்!

அடுத்தது ஃபேடிங். அயனமண்டலம் வழியாக இரண்டு பாதைகளில் வரும் அலைகள் ஒன்றையொன்று கெடுக்கும். ஊர்தி அலை மட்டும் குறைந்தால் டயோடு டிடெக்டரில் பாட்டு கரகரக்கும்.

இந்த நிலையில் பெரிய பாடகர் குழுவும் ஆர்கனும் சேர்ந்தால் ஒரே இரைச்சல்தான். தனிக்குரலும் ஓரிரு வாத்தியமும் என்றால் சொல் பிழைக்கும். கம்ப்ரெஸர் மெல்லிய ஒலியைத் தூக்கிவிடும். ரொம்ப ஏத்தினா பாட்டின் ஏற்ற இறக்கமே செத்துப்போகும்.

லேபில் நீங்களே பாருங்களேன். 3.3 கிலோ ஓம், 0.01 மைக்ரோ ஃபாரட் சேர்த்த வடிப்பான் சுமார் 4.8 கிலோ ஹெர்ட்ஸில் குறைக்கத் தொடங்கும். அதன் வழியே ஒரு கீதத்தைக் கேளுங்கள். சொல் புரியுதா? புரிந்தால் அந்தப் பாட்டு பாஸ்! எங்கோ சின்ன ரேடியோவைக் காதோடு வைத்திருப்பவருக்கு வேண்டியது அந்தச் சொல்தானே?